தோல்முட்டைக்கு நான் சொன்ன பாதிப் பதில்

புதிதாகக் கோழி வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமாருக்கு,

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நம் கூட்டமைப்புக் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால், டீ டம்ளர்களை அள்ளிக்கொண்டு கழுவப் போய்விடுவேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். முழங்கால் வலியால் வேலையை விட்டு நின்ற பிறகு, "பேசாட்டிப் பரவாயில்ல, எழுதியாவது குடுங்கக்கா" என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசியை எங்கே போடுவது, மருந்தை எப்படிக் கரைப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பயத்தைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வேலையில் நான் செய்த தப்புகளில் முக்கால்வாசி, பயந்துபோய்ச் செய்தவை.

முதல் வருஷம் ஒரு வீட்டில் கோழி ஒன்று மூலையில் உட்கார்ந்தே இருந்தது. வீட்டு வாசலில் ஆண்கள் நாலைந்து பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் குனிந்து கோழியின் வயிற்றைத் தடவிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "அடைக்கோழிதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உள்ளே ஓடில்லாத முட்டை உடைந்து நின்றிருக்கிறது. அந்தக் கோழி இரண்டு நாளில் செத்தது. வீட்டுக்காரம்மா என்னைத் திட்டவில்லை. அடுத்த தடவை நான் போனபோது கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இனிச் சொல்லப்போவது அதைவிடப் பெரியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் சன்னல் பக்கம் திரும்ப மாட்டேன்.

ஊர்ப்பெயர் வேண்டாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் கருவாடு காயப்போடும் தெரு. பதினைந்து வீடு. எல்லா வீட்டிலும் நாட்டுக்கோழி உண்டு. அன்றைக்குத் தெரு முழுவதும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. நான் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். தெருவுக்கு வந்து மருந்து வைத்திருந்த பிளாஸ்க்கைத் திறந்தால் ஐஸ் முழுவதும் உருகி, உருகின தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தது.

திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் பெண்கள் விடியற்காலையிலேயே கோழிகளைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்துவைத்துக் காத்திருந்தார்கள். "இன்னிக்கு முடியாது, இன்னொரு நாள் பிடிச்சு வையுங்க" என்று பதினைந்து வாசலில் நின்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மெற்றில்டா போன் பண்ணினாள். அந்தத் தெருவில் அதிகம் கோழி வளர்ப்பவள் அவள்.

"யக்கா, எங் கோழியெல்லாம் தோல்முட்டையா இடுது. ஓடே இல்ல. கையில எடுத்தா கொழகொழன்னு ஆடுது."

எனக்கு உடனே பிளாஸ்க் ஞாபகம் வந்தது. "சுண்ணாம்புச் சத்துக் குறைச்சல். சிப்பிய இடிச்சுப் போடுங்க" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நல்லா சொன்னிய போங்க. இந்தத் தெருவுல சிப்பிக்கா பஞ்சம்? நடந்தா காலக் கிழிக்கி. கோழி நாள் பூரா அதத்தான கொத்திக்கிட்டுக் கெடக்கு."

"இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று சொல்லி போனை வைத்தேன். மண்ணே சிப்பியாக இருக்கும் ஊருக்குச் சிப்பி எழுதிக் கொடுத்தவள் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "தெரு பூராவும் தோல்முட்டைதான் யக்கா. ஒரே ஒரு வீடு தவிர. நீங்க இப்பமே வரணும்."

நான் போனபோது பூசை முடிந்து எல்லாரும் தெருவில் நின்றார்கள். மெற்றில்டா ஒரு சுளகில் முட்டைகளை வைத்திருந்தாள். ஒன்றைத் தொட்டேன். தூங்குகிறவரின் மூடின இமையைத் தொட்டதுபோல இருந்தது. அவள் வீட்டு வாசல்படியில் அவளுடைய மகள் வயிற்றில் கைவைத்து நின்றாள். பிரசவத்துக்கு வந்திருந்தவள், எட்டாம் மாசம். முந்தின பிள்ளை ஏழாம் மாசத்தில் தவறிவிட்டது. ஓடில்லாத முட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாயும் மகளும் என்ன நினைத்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கெடாத அந்த ஒரு வீடு செல்வக்கனியின் வீடு. ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து வந்து அந்தத் தெருவில் வாடகைக்கு இருந்தவள். புருஷன் சரக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வந்தால்தான் போன் கிடைக்கும். அவள் வீட்டு முட்டை ஒன்றை ஒருவர் கையில் வைத்து விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அவளுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த அண்ணாச்சி. பக்கத்தில் ஒரு கடப்பாரை சாத்தியிருந்தது.

"கேளுங்க. டக்கு டக்குன்னு கல்லு மாதிரி கேக்கு. தெருவுல உள்ள ஓடெல்லாம் இவ வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

"அண்ணாச்சி, வாய்க்கு வந்தபடி பேசாதிய" என்றாள் செல்வக்கனி. மெலிந்த உடம்பு. குரல் மட்டும் கெட்டி.

"பின்ன வேற எப்படிப் பேச? எதையோ பொதைச்சு வச்சிருக்க. இல்லைன்னா சொல்லு."

மெற்றில்டா என் பக்கம் திரும்பினாள். "யக்கா, நீங்க படிச்சவிய. நீங்களே சொல்லுங்க. இது நோயா?"

தங்கச்சிமாரே, அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். நோய் என்று சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். ஊசி போட்ட வாரத்திலிருந்து என்று யாராவது சொல்வார்கள். பிளாஸ்க் வெளியே வரும். வேலை போகும், அடியும் விழலாம். கழிச்சல் இல்லை, கழுத்து முறுக்கவில்லை, கோழிகள் தெம்பாகத்தான் திரிந்தன. அதனால் நான் சொன்னது பொய்யும் இல்லை.

"நோய் மாதிரித் தெரியல" என்றேன்.

சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. அதை மறைக்கப்போவதில்லை. அண்ணாச்சி கடப்பாரையை எடுத்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

"கேட்டாச்சுல்லா? நோய் இல்லன்னு அவங்க வாயாலயே சொல்லியாச்சு. நவுருங்க."

செல்வக்கனி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு காலடியில் மேய்ந்த பெட்டையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "தோண்டுங்க. எங் கோழிய மிதிக்காமத் தோண்டுங்க" என்றாள்.

முருங்கை மரத்தடியில் தோண்டினார்கள். ஓடு, எலும்பு, செருப்புவார் என்று வந்தது. கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரத்துண்டு வந்தது. கடற்கரை மண்ணில் எங்கே தோண்டினாலும் துருப்பிடித்த தகரம் கிடைக்கும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாரோ "செய்வினைத் தகடு!" என்று கத்தினதும் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். எனக்கே முதுகு சிலிர்த்தது. மெற்றில்டா மகளைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"நாளைச் சாயந்தரத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணிரு" என்றார் அண்ணாச்சி.

நான் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. கால்நடை மருந்தகத்தில் அப்போது இருந்த டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவர்களுக்குப் பொறுமை கிடையாது. நான் அழுதுகொண்டே ஐஸ் உருகியதிலிருந்து தகரம் வரை சொன்னேன்.

"ஊசி போட்ட எல்லா வீட்டுலயும் தோல்முட்டையா?"

"ஒரு வீடு தவிர, மேடம்."

"அந்த வீட்டுக்கும் ஊசி போட்டியா?"

"போட்டேன்."

"அதே மருந்தா?"

"அதே மருந்துதான், மேடம்."

"அப்ப ஊசிய நினைச்சு எதுக்கு அழுவுற? சூடேறிப்போன மருந்து விஷமா ஆகாது, வெறும் தண்ணியா ஆகும். கோழிக்குப் பாதுகாப்பு இல்ல, அவ்வளவுதான். எல்லாரும் கெட்ட வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. கெடாத வீட்டுக்குள்ள போய்ப் பாரு."

"ஐஸ் உருகினதச் சொல்லணுமா மேடம்?"

"நீ சொல்லாட்டி அடுத்த மாசம் கழிச்சல் வந்து சொல்லும்."

போனை வைத்துவிட்டார்கள். கெடாத வீட்டை அந்தத் தெருவே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தது. நானோ அந்த வீட்டுப் பக்கம் பார்க்கவே பயந்து நின்றிருந்தேன்.

உப்பளத்து வரப்பு வழியாகப் பின்பக்கமாகப் போனேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முக்காடு போட்டிருந்தேன். செல்வக்கனி சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"தகரந்தான் கெடைச்சிட்டுல்லா? இன்னும் எதத் தேடி வந்திய?"

"உங் கோழி என்ன திங்குதுன்னு பாக்க வந்தேன்."

"எல்லாக் கோழியும் திங்கதத்தான் திங்கும். பொன்னும் மணியுமா போடுதேன்?"

அவள் சொன்னது சரி. அவளுடைய கோழிகளும் அதே தெருவில்தான் மேய்ந்தன, அதே சிப்பியையும் மீன் செதிலையும்தான் கொத்தின. நான் சும்மா உட்கார்ந்தேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கோழிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து, ஒரு உடைந்த பானை ஓட்டில் வெள்ளையாக இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயின.

"அது என்ன தண்ணி?"

"அரிசி கழுவுன தண்ணி. எங்க ஊர்ல கோழிக்கு அதான் வைப்பாவ."

"எந்தத் தண்ணியில கழுவுவ?"

"குடிக்கிற தண்ணியிலதான். இங்கன உள்ளவிய போர்த்தண்ணியில கழுவுதாவ. எனக்கு அந்தச் சோறு எறங்காது. அதுக்கே 'பெரிய மகராணி'ன்னு பேச்சு."

அந்தத் தெருவில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். குடத்தில் பிடித்துக் குடிக்க மட்டும் வைத்திருப்பார்கள். கழுவுவது, குளிப்பது எல்லாம் போர்த்தண்ணீர். அப்படியானால் மற்ற கோழிகள் எதைக் குடிக்கின்றன? நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மீன் உப்புப் போடும் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரில் நாலு கோழிகள் நின்றன. மெற்றில்டா வீட்டுக் கோழித்தொட்டியில் இருந்தது போர்த்தண்ணீர். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்போடு கசந்தது. துப்பினேன்.

ஆனால் போர்த்தண்ணீர் நேற்று வந்தது இல்லையே. போன மாசம் வரை முட்டை நன்றாகத்தானே இருந்தது? தெருக்கோடியில் பொதுக் குழாயைப் பார்த்ததும் விளங்கியது. அந்தக் குழாய் ஒழுகி ஒழுகி அடியில் எப்போதும் ஒரு நல்ல தண்ணீர்க் குட்டை இருக்கும். தெருக்கோழி முழுவதும் அதில்தான் குடிக்கும். இப்போது குழாயைச் சரிபண்ணி, அடியில் சிமெண்டு பூசியிருந்தார்கள். காய்ந்து கிடந்தது. எப்போது பூசினார்கள் என்று ஒரு பாட்டியாவிடம் கேட்டேன். நான் ஊசி போட்ட அதே வாரம்.

தெரிந்துகொண்டது சுலபம். சொல்வதுதான் கஷ்டம். சாயங்காலம் நாலு மணிக்கு மெற்றில்டா வீட்டு முன்னால் நின்று, என் ஆயுசில் முதல் தடவையாக, யாரும் கூப்பிடாமல் பேச ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாக்கியம் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க, மணலுக்கா சொல்லுதிய?" என்றார் அண்ணாச்சி.

குட்டை வற்றியதும் கோழிகள் உப்புத்தண்ணீர் குடிப்பதால்தான் முட்டைக்கு ஓடு பிடிக்கவில்லை என்று சொன்னேன். கூட்டத்தில் ஒரு பெண், "கடக்கரைக் கோழிக்கு உப்பு ஆகாதாம்ளா! இனி மீனுக்கும் குடத்துல நல்ல தண்ணி ஊத்தணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் சிரிக்கும்போது கடப்பாரை பிடித்த கை தளர்ந்ததையும் பார்த்தேன். அதனால் கேலியைத் தடுக்கவில்லை. சிரித்து முடிக்கும் வரை நின்றேன்.

"செல்வக்கனி உங்க ஊர்ப்பக்கத்துக்காரின்னு பரிஞ்சுக்கிட்டு வாரியளோ?" என்று அண்ணாச்சி கேட்டார். கொற்கைக்கு அந்தப் பக்கம் என் ஊர் என்பது அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் பிளாஸ்க்கைச் சொன்னேன். ஐஸ் உருகினது, தெரிந்தே போட்டது, காலையில் அதை மறைக்கத்தான் நோயில்லை என்று சொன்னது, எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. மெற்றில்டா என் கையைப் பிடித்தாள். வலித்தது.

"எம் மக அந்த முட்டையத் தின்னாளே. அவளுக்கு எதும் ஆச்சுன்னா?"

"மருந்தால ஒண்ணும் ஆகாது. டாக்டரம்மாட்டக் கேட்டுட்டேன். நீங்களும் கேளுங்க" என்று நம்பரைக் கொடுத்தேன். அவள் அங்கேயே கூப்பிட்டுக் கேட்டாள். பேசி முடித்துப் போனை இடுப்பில் செருகினாள். பிறகு அண்ணாச்சியிடம், "எங் கோழியில ரெண்ட அடைச்சுப்போட்டு நல்ல தண்ணி குடுத்துப் பாக்கேன். ஒரு வாரம். அதுவரைக்கும் அவ இருக்கட்டும்" என்றாள்.

"ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்றார் அவர்.

ஒரு கருப்பு, உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு பொரிப்பெட்டை. பூவரச மரத்தடியில் நிழலில் கூடை போட்டு அடைத்தோம். நான் தினமும் முதல் பஸ்ஸில் போனேன். முதல் நாள் இரண்டும் தோல்முட்டை. இரண்டாம் நாள் கருப்பு மட்டும் இட்டது, அதுவும் தோல். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. எல்லாரும் அவரவர் வாசலில் நின்று நான் கூடையைத் தூக்குவதைப் பார்ப்பார்கள். செல்வக்கனி வீட்டில் கட்டின மூட்டைகள் கட்டினபடியே இருந்தன.

நாலாம் நாள் நான் போனபோது மெற்றில்டா வீடு பூட்டியிருந்தது. மகளுக்கு விடியற்காலையில் வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எனக்குச் சொன்ன பெண் உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செல்வக்கனி கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். நான் தட்டினேன். "யாரு?" என்ற குரல் கதவுக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து வந்தது. கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் என்றேன். திறக்கவில்லை. கோழிகளுக்குத் தண்ணீரை மாற்றிவிட்டு, பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது, ஒன்றும் ஆகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். அந்தப் பிள்ளைக்காக எவ்வளவு, எங்கள் இரண்டு பேருக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிரசவ வலி இல்லை, சூட்டுவலிதான். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏழாம் நாள் கருப்புக்கோழி கூடைக்குள் முட்டையிட்டுவிட்டுக் கேறிக்கொண்டிருந்தது. மெற்றில்டாவே கையை விட்டு எடுத்தாள். விரலால் தட்டினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கெட்டி முட்டை. பொரிப்பெட்டை இட்டதையும் எடுத்தாள். அது அவள் கையிலேயே பிதுங்கியது.

"பாதிதான் தேறியிருக்கு" என்றார் அண்ணாச்சி. "இதுக்கு என்ன சொல்லுதிய?"

இன்னும் இரண்டு நாளில் அதுவும் சரியாகிவிடும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

"எனக்குத் தெரியாது, அண்ணாச்சி" என்றேன். "உப்புத்தண்ணி குடிச்ச சில கோழி கடைசிவரைக்கும் திரும்பாதுன்னு டாக்டரம்மா சொன்னாவ. இது அந்த மாதிரியான்னு எனக்குத் தெரியாது. கருப்பு திரும்பினது தண்ணியாலதான். அது மட்டும் தெரியும்."

இந்த வேலையில் நான் சொன்னதிலேயே உருப்படியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தினால், மீதியைப் பயந்துபோன ஆட்கள் தாங்களாக நிரப்பிக்கொள்வார்கள்.

அண்ணாச்சி கருப்புக்கோழி முட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். செல்வக்கனி வாசலில் போய், அவள் முகத்தைப் பார்க்காமல், "இருந்துக்க" என்றார். மெற்றில்டாவும் போனாள்.

"ஏளா, அந்த அரிசி கழுவுன தண்ணி ஒரு நாளைக்கு எத்தன தடவ வைப்ப?"

"ரெண்டு தடவ. வெயிலுக்கு மூணு."

"நிழல்லயா?"

"நிழல்லதான். வெயில்ல வச்சா சூடாயிரும்லா."

மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கே எல்லா வாசலிலும் சட்டியில் நல்ல தண்ணீர் வைத்தார்கள்.

மறுநாள் காலை செல்வக்கனி ஒரு மினி வேனில் மூட்டைகளையும் பதினொரு கோழிகளையும் ஏற்றிக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்குப் போய்விட்டாள். நான் ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐஸ் உருகவில்லை. பதினான்கு வீட்டுக் கோழிகளுக்கும் மறுபடி ஊசி போட்டேன்.